தைராய்டு கேன்சர் ஆபரேஷன் ஆனவங்க முடிக்கு பிஆர்பி பண்ணிக்கலாமா? குரோத் ஃபேக்டர் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

செம்பருத்தி:

எல்லாருக்கும் வணக்கம். அக்காவுக்காக கேக்குறேன். அவளுக்கு 38 வயசு. போன வருஷம் கழுத்துல கட்டின்னு போயி பாத்து, பாப்பிலரி தைராய்டு கேன்சர்னு வந்து, முழு தைராய்டையும் எடுத்துட்டாங்க. ரேடியோ அயோடினும் (மிச்சம் இருக்க தைராய்டு செல்லை அழிக்கற கதிரியக்க மருந்து) குடுத்து தனி ரூம்ல வச்சிருந்து அனுப்புனாங்க. இப்ப தைராய்டு ஹார்மோன் மாத்திரை தைராக்சின் 125 தினமும் காலைல போடுறா, மத்தபடி நல்லாதான் இருக்கா.

பிரச்சனை என்னன்னா முடி கொத்து கொத்தா கொட்டுது. ஒரு ஸ்கின் கிளினிக்ல போயி காட்டுனா பிஆர்பி பண்ணிக்கோங்க, உங்க ரத்தத்தயே எடுத்து சுத்தி அதுல இருக்க குரோத் ஃபேக்டர, அதாவது செல்லை வளரச் சொல்ற புரோட்டீனை, தலைல ஊசியா போடுவோம்னு சொல்லிட்டாங்க. அவ சரின்னுட்டு வந்துட்டா, வீட்ல தான் கலவரம். எங்க மாமா வாட்ஸப்ல எதையோ படிச்சிட்டு குரோத் ஃபேக்டர் தான் கேன்சர் செல்லுக்கு சாப்பாடே, பால்லயும் அது இருக்குன்னு சொல்லி பால், தயிர், பன்னீர் எல்லாத்தையும் நிறுத்திட்டார், அவ இப்ப கடுங்காப்பி குடிச்சிட்டு உக்காந்திருக்கா. பயாப்சி ரிப்போர்ட்ல பிராஃப் வி600ஈ பாசிட்டிவ்னு வேற போட்டிருக்கு, அது என்னன்னு கேட்டா யாரும் நமக்கு புரியற மாதிரி சொல்ல மாட்டேங்குறாங்க.

இன்னொன்னு, போன வாரம் எடுத்த டெஸ்ட்ல டிஎஸ்எச் 0.08. லேப் பேப்பர்ல பக்கத்துலயே லோன்னு போட்டிருக்கு. பக்கத்து தெரு டாக்டர் பாத்துட்டு தைராய்டு ஓவரா இருக்கு மாத்திரைய 75 ஆக்குங்கன்னு சொல்றார், ஆபரேஷன் பண்ண இடத்துல அப்படி எதுவும் சொல்லல. எதை நம்புறது? பிஆர்பி பண்ணலாமா வேணாமா? பால் குடிக்கலாமா? டிஎஸ்எச்சும் ஒரு குரோத் ஃபேக்டர்னு ஒரு எடத்துல படிச்சேன், அது நிஜமா?

பழையசோறு:

பாலை நிறுத்துனது ரொம்ப சரி. கேன்சர் வந்த உடம்புல வளர்ச்சிய தூண்டுற எதையும் உள்ள விடக்கூடாதுங்க. அதுவும் ஊசியா தலைல போடறதெல்லாம் காசு புடுங்குற வேலை. கரிசலாங்கண்ணி எண்ணெய் தேச்சா போதும். மாமா சொல்றத கேளுங்க.

லேப்கோட்டு:

செம்பருத்தி, கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுமையா படிங்க. நான் டாக்டர் இல்ல, பிஎச்டில வருஷக்கணக்கா தைராய்டு செல்லை டிஷ்ல வளத்துகிட்டு இருந்தவன், அதனால மருந்து பத்தி பேச மாட்டேன், செல் பத்தி பேசுறேன்.

டிஎஸ்எச் குரோத் ஃபேக்டரான்னு கேட்டீங்க. மூளைக்கு அடில இருக்க பிட்யூட்டரி சுரப்பில இருந்து வந்து தைராய்டை வேலை வாங்குற ஹார்மோன் தான், ஆனா தைராய்டு செல்லுக்கு அது குரோத் ஃபேக்டர் வேலையும் பாக்குது. இதை கண்ணால பாக்கணும்னா எஃப்ஆர்டிஎல்-5ன்னு எலி தைராய்டுல இருந்து வந்த ஒரு செல் லைன் இருக்கு, 80கள்ல இருந்து உலகத்துல பாதி தைராய்டு லேப்ல ஓடுறது அதுதான். அதுக்கு சாப்பாடா ஊத்துற மீடியத்த 6எச்னு சொல்லுவோம், ஏன்னா அதுல ஆறு சாமான் சேக்கணும், டிஎஸ்எச், இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், ஹைட்ரோகார்டிசோன், சொமாடோஸ்டேடின், அப்புறம் ஜிஎச்எல்னு மூணு அமினோ அமிலம் சேந்த ஒரு குட்டி பெப்டைடு. இதுல டிஎஸ்எச்ச மட்டும் விட்டுட்டா அது 5எச். செல்லை 5எச்ல போட்டா சாகாது, ஆனா பெருகவும் பெருகாது. ஒரு வாரம் கழிச்சு மைக்ரோஸ்கோப்ல பாத்தாலும் அங்கங்க சின்ன சின்ன கூட்டமா அப்படியே உக்காந்திருக்கும், அயோடினையும் பெருசா உள்ள இழுக்காது. திரும்ப டிஎஸ்எச்ச ஊத்துங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல டிஎன்ஏ காப்பி பண்ண ஆரம்பிக்கும், அயோடினையும் இழுக்க ஆரம்பிக்கும். ரெண்டும் சேந்து வரும், இதுதான் முக்கியமான விஷயம், மனசுல வச்சிக்கோங்க. டிஎஸ்எச் சொல்றது "வளரு, ஆனா உன் வேலையையும் பாத்துகிட்டு வளரு".

ஆனா டிஎஸ்எச் தனியாளா இதை செய்ய முடியாது, கூட இன்சுலினோ, இன்சுலின் மாதிரியே இருக்க ஐஜிஎஃப்-1ங்கற குரோத் ஃபேக்டரோ இருக்கணும். மீடியத்துல இன்சுலினை உடம்புல இருக்கறத விட பல மடங்கு அதிகமா ஊத்துறதே அது போயி ஐஜிஎஃப்-1 ரிசப்டர்லயும் (செல் மேல அந்த சிக்னலை வாங்குற புரோட்டீன்) உக்காரட்டும்னுதான். மனுஷங்க கிட்டயே இதுக்கு சாட்சி இருக்கு, அக்ரோமெகலின்னு ஒரு நோய், பிட்யூட்டரில கட்டி வந்து குரோத் ஹார்மோன் அதிகமா சுரந்து, அதனால லிவர் ஐஜிஎஃப்-1ஐ கொட்டும், கை கால் தாடை எல்லாம் பெருசாகும். அவங்கள்ல நிறைய பேருக்கு தைராய்டும் வீங்கி முடிச்சு விழும்.

இப்ப இஜிஎஃப்னு இன்னொரு குரோத் ஃபேக்டருக்கு வாங்க. இது ஸ்டான்லி கோஹன் எலியோட எச்சில் சுரப்பில இருந்து பிரிச்சு எடுத்தது, 1986ல அவருக்கும் ரீட்டா லெவி-மோண்டால்சினிக்கும் சேத்து நோபல் குடுத்தாங்க. இதை தைராய்டு செல் மேல ஊத்துனா என்ன ஆகும்னு பிரஸ்ஸல்ஸ்ல ஜாக் டுமோன் குரூப் நாயோட தைராய்டு செல்லை வச்சு பாத்தாங்க. செல் பெருகுச்சு, டிஎஸ்எச்க்கு பெருகுன மாதிரியே, ஆனா ஆளே மாறிப் போச்சு. டிஎஸ்எச்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சமத்தா இருக்க செல், இஜிஎஃப்ல நீளமா இழுத்துகிட்டு டிஷ்ல நகர ஆரம்பிச்சிடும். தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருளான தைரோகுளோபுலின்ங்கற புரோட்டீனை தயாரிக்கறதை நிறுத்திடும், அயோடின் இழுக்கறதும் படுத்துடும். வளருது, வேலைய மறந்துட்டு வளருது. நல்ல விஷயம் என்னன்னா சாதா செல்லுல இஜிஎஃப்ஐ எடுத்துட்டு டிஎஸ்எச் குடுத்தா பழைய வேலை ஞாபகம் வந்துடும்.

இந்த ரெண்டு வகை வளர்ச்சி தான் உங்க அக்கா ரிப்போர்ட்டோட மொத்த கதையும். டிஎஸ்எச் சிக்னல் செல்லுக்குள்ள சைக்ளிக் ஏஎம்பிங்கற ஒரு சின்ன மூலக்கூறு வழியா போகும், இஜிஎஃப் மாதிரி ஆளுங்க சிக்னல் ராஸ், ராஃப், மெக், எர்க்னு ஒண்ணை ஒண்ணு தட்டி விடுற புரோட்டீன் வரிசை வழியா போகும். அந்த வரிசைல ராஃப் குடும்பத்துல ஒருத்தன் தான் பிராஃப். அவன்ல 600வது இடத்துல வேலின் இருக்க வேண்டிய எடத்துல குளுட்டமிக் அமிலம் வந்து உக்காந்துட்டா அது வி600ஈ. வெளிய யாரும் கூப்பிடாமயே அவன் எந்நேரமும் "வளரு வளரு"ன்னு உள்ள கத்திகிட்டே இருப்பான். பாப்பிலரி கேன்சர்ல பாதிக்கு மேல இந்த மாற்றம் இருக்கும், அதனால ரிப்போர்ட்ல பாத்து பதறாதீங்க, அதை மட்டும் வச்சு நல்லது கெட்டது சொல்ல முடியாது, கட்டி சைசு, நெறிகட்டி, வெளிய பரவுச்சா எல்லாம் சேத்துதான் பாப்பாங்க.

மாமா கிட்ட இதை சொல்லுங்க. ரிசப்டருக்கு கீழ சுவிட்ச் மாட்டிகிட்ட செல்லு வெளிய இருந்து வர்ற குரோத் ஃபேக்டருக்காக தட்டேந்தி நிக்கல. மாட்டோட ஐஜிஎஃப்-1ம் மனுஷனோட ஐஜிஎஃப்-1ம் ஒரே வரிசை தான், வாட்ஸப்ல அந்த ஒரு வரி உண்மை, ஆனா அது புரோட்டீன், குடிச்சா பெரும்பாலும் வயித்துல செரிச்சிடும், நம்ம லிவர் தினமும் சுரக்கறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் பால்ல இருக்கறது ஒண்ணுமே இல்ல. தைராய்டு எடுத்தவங்களுக்கு கால்சியம் வேற வேணும். பாலை குடிக்க விடுங்க.

பழையசோறு சார், தப்பா எடுத்துக்காதீங்க, வளர்ச்சிய தூண்டுற எதையும் உள்ள விடக்கூடாதுன்னா சாப்பிட்ட உடனே சுரக்குற இன்சுலினையும் நிறுத்தணும்.

பழையசோறு:

சரிங்க சார், நான் கேள்விப்பட்டத சொன்னேன். எண்ணெய் விஷயத்துல மாத்தம் இல்ல.

ரயிலடி_ராணி:

ஐயோ லேப்கோட்டு அண்ணா இதை படிச்சு எனக்கு வயித்த கலக்குது. எனக்கு ஹைப்போ தைராய்டு, டிஎஸ்எச் 14 வந்து இப்பதான் மாத்திரை ஆரம்பிச்சிருக்கேன். டிஎஸ்எச் வளர்ச்சிய தூண்டும்னா எனக்கு இத்தனை நாள் உள்ள கேன்சர் வளந்துருக்குமா???

லேப்கோட்டு:

இல்லம்மா இல்ல. டிஎஸ்எச் தைராய்டை வளக்கும், கேன்சரை உண்டாக்காது, ரெண்டும் வேற வேற.

இதுக்கு இயற்கையே ஒரு பரிசோதனை பண்ணி வச்சிருக்கு. சில பேருக்கு தைராய்டுல ஒரே ஒரு முடிச்சு மட்டும் ஹார்மோனை கொட்டும், ஸ்கேன்ல பளிச்சுனு தெரியும், ஹாட் நாடியூல்னு சொல்லுவாங்க. 1993ல அதுல பல கட்டில டிஎஸ்எச் ரிசப்டரே மரபணு மாறி, டிஎஸ்எச் வராமயே ஆன்ல இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அதே பிரஸ்ஸல்ஸ் ஆளுங்கதான். அதாவது வருஷக்கணக்கா நிக்காத டிஎஸ்எச் சிக்னல். அந்த செல்லு பெருகுது, ஹார்மோனும் தயாரிக்குது, வேலைய மறக்கல, ஆனா கேன்சரா மாறுறது ரொம்ப அபூர்வம். ஊசி குத்தி டெஸ்ட் பண்ணணும்னு கூட பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. பிராஃப், ராஸ், அதுக்கு மேல இருக்க ரெட்ங்கற ரிசப்டர் மாதிரி அந்தப் பக்கத்து வரிசைல அடிபட்டாதான் ஆபத்து.

ஆனா ஏற்கனவே கேன்சர் ஆன செல்லு இருக்குன்னு வைங்க, பாப்பிலரி, ஃபாலிகுலர் ரெண்டுலயும் டிஎஸ்எச் ரிசப்டர் இன்னும் மிச்சம் இருக்கும், அதுக்கு டிஎஸ்எச் கெடைச்சா சந்தோஷம். அதனாலதான் ஆபரேஷன் ஆனவங்களுக்கு தைராக்சினை கொஞ்சம் கூட குடுத்து பிட்யூட்டரிய வாயை மூட வைக்கறது. உங்களுக்கு அந்த கதையே இல்ல, மாத்திரைய ஒழுங்கா போட்டு டிஎஸ்எச்ச நார்மலுக்கு கொண்டு வாங்க. நல்லா இருக்க மனுஷனோட தைராய்டு செல் சுமார் எட்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ரெண்டாகுது, அவ்வளவு சோம்பேறி அது.

நர்ஸம்மா:

நான் எண்டோகிரைன் வார்டுல ரொம்ப வருஷமா இருக்கேன், கொஞ்சம் நடைமுறை விஷயம் சொல்றேன் செம்பருத்தி.

முதல்ல மாத்திரைய 75 ஆக்காதீங்க. லேப் பேப்பர்ல இருக்க நார்மல் அளவு தைராய்டு இருக்கறவங்களுக்கு. கேன்சர் ஆபரேஷன் ஆனவங்களுக்கு டார்கெட்டே வேற, அமெரிக்க தைராய்டு சங்கத்தோட 2015 வழிகாட்டுதல் படி திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம் உள்ளவங்களுக்கு 0.1க்கு கீழ, நடுத்தரம்னா 0.1ல இருந்து 0.5, வாய்ப்பு கம்மின்னா 0.5ல இருந்து 2 வரைக்கும் விட்டுடலாம்னு இருந்துச்சு. உங்க அக்கா இதுல எதுன்னு ஆபரேஷன் பண்ண இடத்துலதான் தெரியும், டிஸ்சார்ஜ் சம்மரிலயே எழுதி இருப்பாங்க பாருங்க, இல்லன்னா அடுத்த தடவை போறப்போ கேட்டு ஃபைல் மேல பேனாவாலயே எழுதி வாங்கிக்கோங்க. பக்கத்து தெரு டாக்டர் மேல தப்பு சொல்ல முடியாது, அவர் கையில அந்த ஒத்த பேப்பர் தானே இருந்துச்சு. ஆனா வெளிய ஒருத்தர் டோஸ குறைச்சு, ஆறு மாசம் கழிச்சு டிஎஸ்எச் 6, 7னு எங்ககிட்ட வர்றவங்க எத்தனை பேர் தெரியுமா.

அதுக்காக காலம் பூரா 0.01ல வச்சிருக்கறதும் நல்லதில்ல. படபடப்பு, வயசானவங்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு இதயத்துடிப்பு தாறுமாறா ஆகறது, மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு எலும்பு தேய்மானம் எல்லாம் வரும். அதனால வருஷம் போகப் போக எல்லாம் சுத்தமா இருந்தா அவங்களே கொஞ்சம் கொஞ்சமா தளத்துவாங்க.

பால் விஷயம். லேப்கோட்டு சார் சொன்னது சரி, ஆனா தைராக்சின் போட்ட கையோட பால் காபி குடிக்கறது தப்பு, காரணம் குரோத் ஃபேக்டர் இல்ல, மாத்திரை ஒழுங்கா ரத்தத்துல ஏறாது. வெறும் வயித்துல தண்ணில போட்டுட்டு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் கழிச்சு காபி. கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் தள்ளி.

இப்ப நான் கேக்குற கேள்விக்கு பதில் சொல்லுங்க. அக்கா முடிக்கு பயோட்டின்ங்கற வைட்டமின் மாத்திரை போடுறாங்களா? முடி கொட்டுதுன்னு போனா முக்காவாசி இடத்துல 10 மில்லிகிராம் பயோட்டின் எழுதிடுவாங்க. நிறைய லேப் மெஷின்ல டெஸ்ட் பண்ற முறையே பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின்ங்கற புரோட்டீனும் ஒட்டிக்கற சங்கதிய வச்சுதான், ரத்தத்துல பயோட்டின் மிதந்துகிட்டு இருந்தா டிஎஸ்எச் பொய்யா கம்மியா காட்டும், ஃப்ரீ டி4ங்கற தைராய்டு ஹார்மோன் அளவு பொய்யா ஜாஸ்தியா காட்டும், பேப்பர்ல பாத்தா அசல் ஹைப்பர் தைராய்டு மாதிரியே இருக்கும். அதைவிட மோசம், தைரோகுளோபுலினையும் கம்மியா காட்டிடும். கேன்சர் திரும்ப வருதான்னு நாம பாக்குறதே அந்த தைரோகுளோபுலினை வச்சுதான். 2017ல அமெரிக்க எஃப்டிஏவே இதுக்கு எச்சரிக்கை விட்டுச்சு. ரத்தம் குடுக்கறதுக்கு குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்தணும், டோஸ் பெருசுன்னா இன்னும் முன்னாடி. லேப்ல யாரும் கேக்க மாட்டாங்க, நாமதான் சொல்லணும்.

பிஆர்பி பத்தி. பிளேட்லெட் உடையறப்போ பிடிஜிஎஃப், டிஜிஎஃப் பீட்டா, விஇஜிஎஃப், இஜிஎஃப், ஐஜிஎஃப்-1னு பல குரோத் ஃபேக்டர் வெளிய வரும், அவங்க சொன்னது நிஜம்தான். தன் ரத்தம், தலைத்தோல்ல கொஞ்சூண்டு, அதனால கழுத்துல கேன்சர் முளைக்கும்னு பயமுறுத்த மாட்டேன். ஆனா உடம்புல கேன்சர் இருக்கறப்போ பிஆர்பி பண்ணக்கூடாதுங்கறது அந்த கிளினிக்காரங்களே வச்சிருக்க விதி, ஃபார்ம்ல கேப்பாங்க. ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்தான் ஆகுது, ஃபாலோ அப் ஸ்கேனும் தைரோகுளோபுலினும் சுத்தம்னு கேன்சர் டாக்டர் எழுதிக் குடுக்கற வரைக்கும் தள்ளிப் போடுங்க, என் தங்கச்சியா இருந்தா நான் அதைத்தான் சொல்லுவேன். இதுல இன்னொன்னு, ரேடியோ அயோடினுக்காக மாத்திரைய நிறுத்தி டிஎஸ்எச் ஏத்தி இறக்குனவங்களுக்கு சில மாசம் கழிச்சு முடி கொட்டுறது சகஜம், பெரும்பாலும் தானா வளந்துடும். உடம்புல இரும்புச்சத்து இருப்பை காட்டுற ஃபெரிட்டின் டெஸ்ட் பாத்தீங்களா?

செம்பருத்தி:

நர்ஸம்மா அக்கா கும்புடுறேன் உங்களை. பயோட்டின் போடுறா! டெஸ்ட் அன்னைக்கு காலைல கூட போட்டுட்டுதான் போயிருக்கா. ஃபெரிட்டின் பாக்கவே இல்ல. பிஆர்பிய தள்ளிப் போட்டாச்சு.

கொள்ளிடக்கரை:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். லேப்கோட்டு சார் "வேலைய மறந்துட்டு வளருது"ன்னு எழுதுனீங்களே, எங்க அப்பாவுக்கு அதுதான் ஆச்சு. முதல் தடவை ரேடியோ அயோடின் நல்லா புடிச்சுது, அப்புறம் நுரையீரல்ல வந்தது அயோடினையே எடுக்கல, ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியல ஆனா சிடில கட்டி கட்டியா தெரிஞ்சுது. இப்ப லென்வாட்டினிப் 24 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாங்க, ரெண்டு பத்தும் ஒரு நாலும். அது என்ன பண்ணுதுன்னு டாக்டர் கிட்ட கேட்டப்போ ரத்தக்குழாய் வளர்ச்சிய நிறுத்துற மருந்துன்னு ஒரு வரில முடிச்சிட்டார், வெளிய நாப்பது பேர் உக்காந்திருக்காங்க அவர் என்ன பண்ணுவார்.

மருந்து ஆரம்பிச்ச ஒரே வாரத்துல பிபி 170க்கு போயிடுச்சு. அதுக்கு முன்ன அப்பாவுக்கு பிபியே கெடையாது. காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை மெஷின்ல பாத்து காலண்டர்லயே எழுதி வைக்கறோம். இந்த வழில போறவங்க மருந்து வாங்குற அன்னைக்கே பிபி மெஷினும் வாங்கிடுங்க. மூத்திரத்துல புரோட்டீன் போகுதான்னு அப்பப்ப பாக்கணும். வாய் ருசி போயிடுச்சு, பேதி இருக்கு, ரசம் சாதத்த தவிர எதுவும் இறங்கல. டோஸ் 14க்கு குறைச்சப்புறம் மனுஷன் கொஞ்சம் எழுந்து நடமாடுறார். கட்டி சுருங்கி இருக்கு. அவ்ளோதான் எனக்கு தெரியும், ஏன் பிபி ஏறுதுன்னு சொல்ல முடியுமா?

லேப்கோட்டு:

சொல்றேன் சார், அப்பா தெம்பா இருக்கட்டும்.

விஇஜிஎஃப்னு ஒரு குரோத் ஃபேக்டர், அதை கட்டி தனக்காக சுரக்காது, பக்கத்துல இருக்க ரத்தக்குழாய் செல்லுக்கு அனுப்பும், என் பக்கம் கிளை விடுன்னு. லென்வாட்டினிப் அந்த விஇஜிஎஃப் ரிசப்டர் மூணையும் மூடும், கூடவே எஃப்ஜிஎஃப் ரிசப்டர், பிடிஜிஎஃப் ரிசப்டர், ரெட், கிட்ங்கற ரிசப்டர் எல்லாத்தையும் மூடும். ஆனா விஇஜிஎஃப் நல்ல ரத்தக்குழாய்க்கும் வேணும், அது இருந்தாதான் குழாய் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடை விட்டு தளர்ந்து இருக்கும். அதை மூடுனா குழாய் இறுகும், பிபி ஏறும். கிட்னி வடிகட்டிக்கும் விஇஜிஎஃப் வேணும், அதனாலதான் மூத்திரத்துல புரோட்டீன்.

2015ல வந்த பெரிய ஆய்வுல 392 பேர், மருந்து எடுத்தவங்களுக்கு நோய் முத்தாம நின்னது நடுமட்டமா 18.3 மாசம், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவங்களுக்கு 3.6 மாசம். தைராய்டு கேன்சர் மருந்துல இவ்வளவு பெரிய இடைவெளிய அதுக்கு முன்ன யாரும் பாத்ததில்ல. சொரஃபெனிப்னு இதே மாதிரி மருந்து 2013லயே வந்துச்சு, அதுல 10.8க்கு 5.8.

வேலைய மறந்த செல்லுக்கு ஞாபகம் கொண்டு வர முடியுமான்னும் பாத்திருக்காங்க, எனக்கு தனிப்பட்ட முறைல இதுதான் இந்த துறைல ரொம்ப புடிச்ச விஷயம். அயோடினை உள்ள இழுக்குற பம்ப்ப அடக்கி வச்சிருக்கறது அந்த ராஃப்-மெக்-எர்க் வரிசை தானே, அப்ப நடுவுல மெக்கை மூடுனா? 2013ல செலுமெட்டினிப்னு ஒரு மெக் மருந்தை 20 பேருக்கு குடுத்து பாத்தாங்க, 12 பேருக்கு கட்டி திரும்ப அயோடினை எடுத்துச்சு, அதுல 8 பேருக்கு சிகிச்சை டோஸ் குடுக்கற அளவுக்கு. ராஸ் மாற்றம் இருந்தவங்களுக்கு நல்லா வேலை செஞ்சுது, பிராஃப் இருந்தவங்களுக்கு அவ்வளவா இல்ல.

ஏன் பிராஃப் அடங்க மாட்டேங்குதுன்னா, இங்கதான் மறுபடியும் குரோத் ஃபேக்டர் உள்ள வருது. தைராய்டு கேன்சர் செல்லுல பிராஃப் மருந்தை போட்டா சிக்னல் முதல்ல விழும், கொஞ்ச நேரத்துலயே எழுந்துக்கும். பிராஃப் சத்தம் அடங்குன உடனே இதுவரைக்கும் அடங்கி கெடந்த ஹெர்-3ன்னு ஒரு ரிசப்டர் ஜாஸ்தியாகுது, அதுக்கு வேண்டிய நியூரெகுலின்ங்கற குரோத் ஃபேக்டரை அந்த செல்லே தயாரிச்சு தன் மேலயே ஊத்திக்குது. வெளிய இருந்து ஒரு சொட்டு வேணாம் அதுக்கு. நான் மேல பால் பத்தி அவ்வளவு அழுத்தமா சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். அதனால இப்ப பிராஃப் மருந்தையும் மெக் மருந்தையும் சேத்து குடுக்கறாங்க, டப்ராஃபெனிப்பும் டிராமெடினிப்பும், அனாபிளாஸ்டிக்னு ரொம்ப வேகமா போற தைராய்டு கேன்சர்ல பிராஃப் வி600ஈ இருந்தா குடுக்க 2018ல அமெரிக்கால அனுமதி கெடைச்சுது. அப்பாவோட கட்டிய மரபணு டெஸ்ட்க்கு அனுப்பி இருக்காங்களான்னு கேளுங்க சார், பிராஃப், ரெட், என்டிஆர்கேன்னு எந்த ஜீன் மாறி இருக்குன்னு தெரிஞ்சா லென்வாட்டினிப்புக்கு அடுத்து என்னன்னு பேச வசதியா இருக்கும்.

ரயிலடி_ராணி:

ரெட் ரெட்னு சொல்றீங்களே, எங்க சித்தப்பாவுக்கு மெடுல்லரின்னு ஒரு தைராய்டு கேன்சர், அவர் பசங்களுக்கும் ரத்தத்துல ரெட் பாக்கணும்னு சொல்லி இருக்காங்க. இதே கதை தானா?

லேப்கோட்டு:

அது வேற செல்லு. மெடுல்லரி வர்றது கால்சிடோனின் சுரக்குற சி செல்லுல இருந்து, அதுக்கு டிஎஸ்எச் பத்தி கவலையே இல்ல, அயோடினும் எடுக்காது. அதனால அவருக்கு டிஎஸ்எச்ச அமுக்கி வைக்கற வைத்தியம் கெடையாது, நார்மலா வச்சா போதும். ரெட்ங்கறது ஜிடிஎன்எஃப்னு ஒரு குரோத் ஃபேக்டரோட ரிசப்டர். சி செல்லுல அது இயல்பாவே இருக்கும், அந்த மரபணுல எழுத்து மாறிப் பொறந்தா ஜிடிஎன்எஃப் வராமயே ஆன்ல இருக்கும், குடும்பத்துல இறங்கும், பிள்ளைங்களுக்கு வர வாய்ப்பு பாதிக்கு பாதி. 1993ல கண்டுபிடிச்சாங்க. கட்டாயம் டெஸ்ட் எடுக்க சொல்லுங்க, தள்ளிப் போட வேணாம், எந்த எழுத்து மாறி இருக்குங்கறத பொறுத்து சின்ன வயசுலயே தைராய்டை எடுத்து கேன்சர் வராமயே தடுக்கறாங்க.

உங்க என் தைராய்டுல இருக்க மத்த செல்லுல ரெட் தூங்கிகிட்டு இருக்கும். செர்னோபில்ல 1986ல உலை வெடிச்சு கதிரியக்க அயோடின் பால் வழியா குழந்தைங்க தைராய்டுல போயி சேந்தப்போ (ஆமா, அங்க பால் நிஜமாவே குற்றவாளி, ஆனா குரோத் ஃபேக்டருக்காக இல்ல) குரோமோசோம் உடைஞ்சு தப்பா ஒட்டி, ரெட்டோட வால் பகுதி வேற ஜீனோட தலைல மாட்டிகிட்டு அந்த செல்லுலயும் முழிச்சிகிச்சு. அந்த குழந்தைங்களோட பாப்பிலரி கேன்சர்ல நிறைய இடத்துல இதைத்தான் பாத்தாங்க.

கொள்ளிடக்கரை:

ரொம்ப நன்றி சார். மரபணு டெஸ்ட் பத்தி வர்ற வெள்ளிக்கிழமை கேக்குறேன்.

நர்ஸம்மா:

செம்பருத்தி, பயோட்டினை இன்னைக்கே நிறுத்திட்டு அடுத்த வாரம் திரும்ப ரத்தம் குடுக்க சொல்லுங்க. டிஎஸ்எச், ஃப்ரீ டி4 கூட தைரோகுளோபுலினும் அதோட ஆன்டிபாடியும் சேத்தே எழுதி வாங்குங்க, ஆன்டிபாடி இருந்தா தைரோகுளோபுலின் நம்பரை நம்ப முடியாது. போன தடவை எடுத்த அதே லேப்லயே எடுங்க, டெஸ்ட் கிட் மாறுனா நம்பர் மாறும், அப்புறம் ஏறுச்சா இறங்குச்சான்னு சொல்ல முடியாம எல்லாரும் முழிப்போம். ஃபெரிட்டினையும் அதுலயே போட்டுடுங்க, தனியா இன்னொரு தடவை குத்த வேணாம்.